பன்னிரண்டாம் விலாவுக்குப் பின்னால்

மாட்டைப் பார்த்தால் அஷ்வினுக்கு எதுவும் தோன்றாது. அதனால்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினான்.

இதற்கு முன் நான்கு வருடம் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் மனிதர்களின் ஈரல். ஸ்கேன் படத்தைக் கொடுத்தால் ஈரலுக்குள் எவ்வளவு கொழுப்பு என்று சொல்லும் மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தான். மனைவி ஸ்ரீநிதி இறந்து ஐந்தாவது மாதம், அதே மென்பொருளை மாட்டுக்குப் பழக்க முடியுமா என்று கம்பெனியில் பேச்சு வந்தது. ஹனோவருக்குப் போக யார் தயார் என்று மேலாளர் ராகவேந்திரா கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் அவரவர் லேப்டாப்பில் ஏதோ அவசரமாகத் தேடினார்கள். அஷ்வின் கையைத் தூக்கினான்.

"நீயா? நீ முட்டை போட்ட கேக்கையே தள்ளி வைக்கற ஆளாச்சே."

"சாப்பிடச் சொல்லலையே. பாக்கத்தானே சொல்றீங்க."

ஹனோவருக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டரில் லூட்கே அம்மாளின் பண்ணை. நூற்றுப் பத்து மாடுகள், எல்லாம் ஜப்பானிய வாக்யூ இனம். கறுப்பு. முகத்தில் எந்த அபிப்பிராயமும் கிடையாது. இந்த இனத்தின் பெருமை வெளியே தெரியாது. தசைக்குள்ளே கொழுப்பு வெள்ளை நூலாகப் பின்னிக்கொண்டு போயிருக்கும். அதற்குப் பெயர் மார்பிளிங். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மதிப்பெண். நான்கு வாங்கிய மாடு ஹாம்பர்கர். ஒன்பது வாங்கிய மாடு மெழுகுவத்தி ஏற்றிய மேசைக்குப் போகும். அதைச் சாப்பிடுகிறவர்கள் மெதுவாகப் பேசுவார்கள்.

சிக்கல் ஒன்றுதான். மதிப்பெண் அறுத்த பிறகே தெரியும். இன்னும் ஆறு மாதம் தின்றிருக்கலாமே என்று அறுத்த மாட்டிடம் சொல்லிப் பயனில்லை. அதை உயிரோடு இருக்கும்போதே சொல்வது அஷ்வினின் வேலை. முதுகில், பன்னிரண்டாம் விலாவுக்குப் பின்னால் ஒரு கையகலம் ரோமத்தை மழித்து, எண்ணெய் ஊற்றி, ஸ்கேன் கருவியின் கைப்பிடியை அழுத்திப் பிடிக்க வேண்டும். திரையில் சாம்பல் நிறத்தில் தசை வரும். அதில் வெள்ளைப் பொடியாகக் கொழுப்பு. மென்பொருள் ஒரு எண்ணைச் சொல்லும். அஷ்வின் எழுதிக்கொள்வான். மாடு சாணி போடும். அடுத்த மாடு.

கும்பகோணத்தில் இருந்த அவன் அம்மா, பையன் ஜெர்மனியில் கோசேவை செய்கிறான் என்று உறவினர்களிடம் சொல்லிவந்தாள். மருமகள் போன துக்கத்துக்கு அதுதான் பரிகாரம் என்று ஜோசியரும் ஆமோதித்திருந்தார். அஷ்வின் திருத்தவில்லை. சேவை செய்கிற பசுக்களில் எது ஸ்டேக், எது சாசேஜ் என்று தரம் பிரிப்பது அவன்தான் என்பதை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது?

ஸ்ரீநிதி இருந்தால் இதையே ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பாள். அவள் வீட்டில் வெங்காயமே வாசலோடு சரி. ஜெர்மனி வந்த மூன்றாம் நாள் ரயில் நிலையத்தில் நின்றபடி ஷ்னிட்ஸெல் என்ற பொரித்த இறைச்சியைத் தின்றாள். "செத்ததுக்கப்புறம் அது என்ன ஜாதின்னு எனக்கென்ன?" என்றாள்.

பண்ணையில் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர் நவரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து அகதியாக வந்து, கப்பல் துறையில் மூட்டை தூக்கி, பேக்கரியில் மாவு பிசைந்து, கடைசியில் மாட்டுக்கு வந்தவர். இருபத்தாறு வருடமாக இங்கேயே. மாடுகளுக்குக் காதில் எண் உண்டு. அவர் எண்ணால் கூப்பிடமாட்டார். எப்போது கூப்பிட்டாலும் வராத மாட்டுக்கு டெர்மின் என்று பெயர் வைத்திருந்தார். இந்த நாட்டில் டாக்டரோ அலுவலகமோ தருகிற முன்பதிவு நேரத்தின் பெயர் அது. போட்ட இடத்தில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் இன்னொன்றுக்கு அன்ட்ராக். அப்படியென்றால் விண்ணப்பம்.

முதல் நாளே அவர் கேட்டுவிட்டார்.

"தம்பி, உந்த மிசினை ஒருக்கா என்ர வயித்திலயும் வைச்சுப் பாருமன். வலப்பக்கம் ஒரே பாரமாக் கிடக்கு."

"இல்லண்ணே. மனுஷங்களுக்குப் பாக்கறதில்ல."

"டொக்டரிட்ட டெர்மின் கேட்டனான். மே மாசம் வரட்டாம். இப்பதான் நவம்பர். மாட்டுக்குப் பாக்கிறீர், எனக்குப் பாக்க ஏலாதோ? ஏன், எனக்கு வாலில்லையெண்டோ?"

"இது மாட்டுக் கருவிண்ணே."

அது பொய். கருவி ஒன்றுதான். எர்லாங்கனில் ஈரலுக்கு வைத்ததும் இதே குடும்பத்தில் பிறந்ததுதான். நவரத்தினம் அவன் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. ஆனால் வாரம் ஒரு முறை கேட்டார். அஷ்வின் வாரம் ஒரு முறை இல்லை என்றான்.

காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ரீநிதிக்கு ஸ்கேன் எடுத்த அறையில் அவனும் இருந்தான். மூன்று வருடம் ஈரல் பார்த்தவனுக்கு டாக்டர் வாய் திறக்கத் தேவையில்லை. திரையில் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கக் கூடாதவை இருந்தன. ஒன்றல்ல. டாக்டர் திரும்பி எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஸ்ரீநிதி தமிழில் கேட்டாள்: "என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல. வயித்துல கேஸ்."

முறையான அறிக்கை வரப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் அவள் பெருங்காயம் கலந்த மோர் குடித்தாள். பிறகு ஏழு மாதம் இருந்தாள். ஒருநாள் மருத்துவமனைக் கட்டிலில் திடீரென்று சிரித்தாள். "கேஸாம்! அன்னைக்கே தெரியும்ல உனக்கு, பாவி."

அதிலிருந்து அவன் மனிதனுக்குள்ளே பார்ப்பதில்லை.

பிப்ரவரியில் போட்டி வைத்தார்கள். வைத்தது மாடு வளர்ப்போர் சங்கம். அறுப்புக்குத் தயாராக இருந்த பத்து மாடுகள். அஷ்வினின் கருவி ஒரு பக்கம், கசாப்புக்காரர் க்ரூஸ கிழவர் மறுபக்கம். இருவரும் பத்து எண்களை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். அறுத்த பிறகு சங்கத்தின் ஆள் வந்து உண்மையான மதிப்பெண்ணைச் சொல்வார். ஒரு எண் முன்பின் இருக்கலாம். பத்தில் எட்டு சரியாக இருந்தால் சங்கம் கருவியை எடுத்துக்கொள்ளும். ஏழு என்றால் நன்றி, வணக்கம்.

"நன்றி வணக்கம்னா நீ ஒண்ணாம் தேதி எர்லாங்கன்ல இருக்கணும்," என்றார் ராகவேந்திரா போனில். "லிவர் டீம்ல ஆள் இல்ல. உன்ன மாடு மேய்க்க விட்டதுக்கே மேலேர்ந்து கேக்கறாங்க."

அஷ்வினுக்கு எட்டு வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் வேண்டுமென்று அவனுக்குத் தோன்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே இது கொஞ்சம் பழக்கமில்லாமல் இருந்தது.

க்ரூஸவுக்கு எழுபத்தொரு வயது. பக்கத்து ஊரில் சின்ன அறுப்புக்கூடம் வைத்திருந்தார். மாட்டின் வாலடியில் கட்டைவிரலை அழுத்தி, கண்ணை மூடி, எண் சொல்வார். மனிதர்களையும் விடமாட்டார். முதல் நாள் அஷ்வினின் புஜத்தைக் கிள்ளி "இரண்டு" என்றார். நவரத்தினத்தின் இடுப்பை வருடம் ஒரு முறை அழுத்திப் பார்த்து, "எட்டு. போன வருஷம் ஏழு. நல்ல தீனி," என்று பாராட்டுவார்.

செவ்வாய்க்கிழமை காலை வெளியே மூன்று டிகிரி. கொட்டகைக்குள்ளும் ஏறக்குறைய அதுவேதான். நான்கு மாடு முடிந்தது. ஐந்து, ஆறு, நான்கு, ஏழு. மரியாதையான எண்கள். ஐந்தாவதாக டெர்மினை இழுத்து வந்து கூண்டில் நிறுத்தியபோது எண்ணெய் தீர்ந்துவிட்டது.

வழக்கமாக ராப்ஸ் எண்ணெய்தான். வசந்தத்தில் வயல் முழுக்க மஞ்சளாகப் பூக்குமே, அந்தச் செடியின் எண்ணெய். லூட்கே அம்மாள் இரண்டு கலன் வாங்கி வைத்திருந்தாள்.

"இன்னொரு கேன் இருந்துதே அண்ணே?"

நவரத்தினம் மாட்டின் காதைச் சொறிந்தார். "அது வந்து... புஷ்பராணி எடுத்தவ."

"யாரு?"

"என்ர மனிசி. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட விழா. இருநூறு வடை சுடவேணும். இண்டைக்கே சாம்பிளுக்குக் கொஞ்சம் சுட்டுப் பாக்கிறா. நாளைக்கு வாங்கி வைப்பம் எண்டு நினைச்சனான். நீர் இப்பிடி ஊத்துவீர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"இப்ப என்ன பண்றது?"

"ஏன் பதறுறீர்? கார் டிக்கியில தேங்காயெண்ணெய் கிடக்கு. ஹனோவர்க் கடையில வாங்கினது. ரெண்டு போத்தல்."

அஷ்வின் ஒரு கணம் யோசித்தான். அந்தக் கொட்டகையில் ஒரு ஜெர்மானியர் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்; கையேட்டில் இல்லாத எண்ணெய். இருந்தது இரண்டு தமிழர்கள். தலைக்கு, வயிற்றுக்கு, கதவுக் கீலுக்கு, குழந்தையின் உச்சிக்கு என்று பிறந்தது முதல் அதையே தேய்த்து வந்தவர்கள். அது பொருந்தாத இடம் ஒன்று உலகத்தில் உண்டென்று இருவருக்குமே தோன்றவில்லை.

"எண்ணெய்தானே," என்றான் அஷ்வின்.

"எண்ணெய் எண்டா எண்ணெய்தான்," என்றார் நவரத்தினம்.

போத்தலில் அது வெள்ளைக் கல்லாக இருந்தது. கன்றுகளுக்குப் பால் கரைக்கும் வெந்நீர் வாளிக்குள் முக்கி வைத்தார்கள். இளகியது. டெர்மினின் முதுகில் ஊற்றி, நவரத்தினம் உள்ளங்கையால் தேய்த்தார்.

வாசனை எழுந்தது.

ஸ்ரீநிதியின் பின்னல். ஞாயிற்றுக்கிழமை. எர்லாங்கன் வீட்டில் குளியலறைச் சன்னலில் அந்தப் போத்தல். அஷ்வின் கருவியைப் பிடித்தபடி நின்றான். திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். எண் வந்தது. எழுதினான். பத்து. அடுத்த மாடு, பதினொன்று. பத்து. பதினொன்று. பத்து. கடைசியாக அன்ட்ராக். இருவரும் பின்னாலிருந்து தள்ளி ஏற்ற வேண்டியிருந்தது. பன்னிரண்டு.

"பன்னெண்டோ!" என்றார் நவரத்தினம். "உந்தச் சோம்பேறிக்கோ? பல்கலைக்கழகம் போகலாம் போல கிடக்கு."

உறையை ஒட்டி லூட்கே அம்மாளிடம் கொடுத்துவிட்டு அஷ்வின் வீட்டுக்குப் போனான். பன்னிரண்டு என்ற எண்ணை அந்தப் பண்ணையில் யாரும் பார்த்ததில்லை என்பது அவனுக்குத் தெரியும். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு, வேலைச் சட்டையைத் துவைக்கப் போடும்போது வலது கை மடிப்பில் மெழுகு சிந்தியதுபோல் வெள்ளையாக ஏதோ. நகத்தால் சுரண்டினான். பொடிந்தது. விரலில் தேய்த்தான். உருகியது. முகர்ந்தான்.

துவைக்கும் இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

தேங்காயெண்ணெய் குளிரில் உறையும். இதைக் கண்டுபிடிக்க ஒருவன் முனைவர் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஸ்ரீநிதி அந்தப் போத்தலை ஹீட்டர் மேல் வைத்துவிட்டு, "உருகிடுச்சா பாரு, உருகிடுச்சா பாரு" என்று குளியலறையிலிருந்து கத்துவாள். மழித்தது போக மிஞ்சிய ரோமக்கட்டையும் கருவியின் கைப்பிடியும் மூன்று டிகிரியில் இருந்தன. எண்ணெய் ஊற்றிய மறுநிமிடம் பொடிப்பொடியாக உறைந்திருக்கிறது. ஒலி அதில் பட்டுச் சிதறியிருக்கிறது. சிதறினால் திரையில் வெள்ளைப் பொடி. கொழுப்பும் வெள்ளைப் பொடி. மென்பொருள் என்ன செய்யும், பாவம்? கொட்டிக் கிடக்கிறது என்று பன்னிரண்டு போட்டுவிட்டது.

ஆறு மாடுகளின் எண்ணும் தவறு. அதாவது நான்குதான் மிச்சம். அதாவது எர்லாங்கன்.

நாளை பத்து மணிக்கு லாரி. அதற்குள் மறுபடி ஸ்கேன் செய்யலாம். ஆனால் உறை ஒட்டியாகிவிட்டது. பிரிக்கக் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் கலன் எங்கே என்பார்கள். கலன் எங்கே என்றால் நவரத்தினத்தின் வீட்டு அடுப்பில். பண்ணைச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோன பக்கத்துப் பண்ணை ஆளை, ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்காக, சென்ற வருடம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் இயந்திரத்தின் மேலேயே இருந்தான். பிறகு சட்டையை உள்ளே போட்டு, பொத்தானை அழுத்தினான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பண்ணைச் சமையலறையில் லூட்கே அம்மாள், லாரியோடு சீக்கிரமே வந்துவிட்ட க்ரூஸ, கதவோரம் நவரத்தினம். மேசை மேல் இரண்டு உறைகள்.

"என் எண்கள் தவறு," என்றான் அஷ்வின் ஜெர்மனில். "கடைசி ஆறும். எண்ணெய் மாறிப் போனது. என்னுடைய பிழை. கொண்டுவந்ததும் நான்தான்."

"என்ன எண்ணெய்?" என்றாள் லூட்கே அம்மாள்.

"தேங்காய்."

க்ரூஸ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ராப்ஸ் இருந்ததே," என்றாள் அவள். "இரண்டு கலன்."

"தீர்ந்துவிட்டது. நிறைய ஊற்றிவிட்டேன்."

"பத்து லிட்டரா? மாட்டைப் பொரித்தீர்களா?"

கதவோரத்திலிருந்து நவரத்தினம் தமிழில் சீறினார். "தம்பி, வாயை மூடும். பொய் சொல்லத் தெரியாட்டிச் சொல்லக் கூடாது." பிறகு ஜெர்மனுக்கு மாறினார். "கலனை எடுத்தது நான். வீட்டில் இருக்கிறது. தேங்காயெண்ணெயும் என்னுடையது. இந்தப் பையன் ஊற்றினான், அவ்வளவுதான்."

லூட்கே அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "எதற்கு எடுத்தீர்கள்?"

"வடைக்கு."

"என்ன அது?"

நவரத்தினம் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டார். நடுவில் ஓட்டை போட்டார். "பருப்பில் செய்த டோநட். ஆனால் இனிப்பு இல்லை. மிளகாய். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு."

"எத்தனை?"

"இருநூறு."

வெளியே ஒரு மாடு யாரோ கூப்பிட்டதுபோல் கத்தியது. டெர்மினாக இருக்க முடியாது.

"உறை ஒட்டியது ஒட்டியதுதான்," என்றாள் லூட்கே அம்மாள். "விதி அது. கலனைப் பற்றி நாம் பிறகு பேசுவோம், நவரத்தினம்."

அஷ்வின் தலையாட்டினான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். ஒரு வருடத்தில் முதல்முறையாகப் பசித்தது.

அப்போது க்ரூஸ எழுந்தார். அவருடைய உறையை எடுத்தார். நான்காகக் கிழித்துக் காபித் தட்டில் போட்டார்.

"க்ரூஸ!"

"ஐம்பது வருஷம் இந்த விரலால் பார்த்திருக்கிறேன்," என்றார் அவர். "ஒரு இயந்திரத்தை ஜெயித்தேன் என்று செத்துப்போகலாம் என்று இருந்தேன். டோநட்டை ஜெயித்தேன் என்று சாக மாட்டேன். புதிதாக எழுதுவோம். இரண்டு பேரும். லாரி மத்தியானம் வரை நிற்கும்."

"சங்கம் என்ன சொல்லும்?"

"சங்கத்தில் எவனுக்காவது விரல் இருக்கிறதா?"

லூட்கே அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நவரத்தினத்திடம், "கலனைக் கொண்டுவாருங்கள்," என்றாள். "மிச்சம் இருந்தால்."

நாற்பது நிமிடத்தில் வந்தார். முக்கால் கலன் இருந்தது. கூடவே ஒரு டப்பா வடையும், புஷ்பராணியின் திட்டும். திட்டைக் காரில் வரும்போது முழுவதும் ஸ்பீக்கரில் கேட்டதாகச் சொன்னார். "மாட்டுக்கு ஊத்திற எண்ணெயையோ பிள்ளையளுக்குச் சுடத் தந்தனீ எண்டு கேக்கிறா. நான் சொன்னன், இல்லையடியப்பா, பிள்ளையளுக்குச் சுடுற எண்ணெயைத்தான் மாட்டுக்கு ஊத்திறம் எண்டு. வைச்சிட்டா."

லூட்கே அம்மாள் ஒரு வடையைப் பிட்டுத் தின்றாள். கண் கலங்கியது, மிளகாய். இரண்டாவதையும் எடுத்தாள். கலனைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

வெந்நீரும் சோப்பும் போட்டு ஆறு முதுகுகளையும் தேய்த்துக் கழுவித் துடைத்தார்கள். பிறகு ராப்ஸ். இந்த முறை அஷ்வின் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆறு. ஐந்து. எட்டு. ஐந்து. ஏழு. அன்ட்ராக்குக்கு ஒன்பது. மறுபடி வைத்தான். ஒன்பது. மூன்றாம் முறையும் ஒன்பது. க்ரூஸ கடைசியாக அன்ட்ராக்கின் வாலடியை அழுத்தி, உதட்டைப் பிதுக்கி, தன் தாளில் எழுதினார். மறைக்கவில்லை. ஐந்து.

"அசையாத மாட்டுக்குக் கொழுப்பு வெளியே சேரும். உள்ளே போகாது," என்றார்.

"பார்க்கலாம்," என்றான் அஷ்வின்.

பார்த்தது வெள்ளிக்கிழமை, க்ரூஸவின் குளிரறையில். வியாழன் அறுத்த பத்து உடல்கள் கொக்கியில். பன்னிரண்டாம் விலாவுக்குப் பின்னால் குறுக்கே வெட்டியிருந்தார்கள். சங்கத்திலிருந்து வந்த பெண்மணி படங்கள் ஒட்டிய அட்டையும் டார்ச்சும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். அஷ்வின் தாளைப் பார்த்தான். பிறகு இறைச்சியைப் பார்த்தான். மூன்று மாதமாகச் சாம்பல் நிறத்தில் பார்த்தது, இப்போது சிவப்பிலும் வெள்ளையிலும் எதிரே தொங்கியது. அருவருப்பு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. இது எங்கோ பார்த்ததுதான் என்பதுபோல் இருந்தது.

நவரத்தினம் கையுறை போட்டு உடல்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அன்று அவர் விரதம்.

"வெள்ளிக்கிழமையில இதத் தொடலாமா அண்ணே?"

"தொடுறது வேற, தின்னுறது வேற. உம்மைப் பாரும், தின்னாமலே இதில சீவிக்கிறீர்."

ஒன்பது மாடு முடிந்தபோது கருவிக்கு ஏழு சரி, இரண்டு தவறு. க்ரூஸவுக்கும் ஏழு. கடைசி கொக்கியில் அன்ட்ராக். செத்த பிறகும் அதுதான் மெதுவாகச் சுழன்றது.

பெண்மணி டார்ச்சை அடித்தாள். அட்டையை வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். அஷ்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியாக அப்படிப் பிடித்தது வேறொரு அறையில்.

"எட்டு," என்றாள்.

அஷ்வின் ஒன்பது எழுதியிருந்தான். ஒன்றுதான் வித்தியாசம். பத்தில் எட்டு.

க்ரூஸ தன் கட்டைவிரலை ஒரு முறை பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. "சோம்பேறிப் பயல்," என்று அன்ட்ராக்கின் விலாவில் தட்டினார். பிறகு அஷ்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலித்தது.

ராகவேந்திரா ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டார். அஷ்வின் குளிரறைக்கு வெளியே, வேலையாட்கள் சாப்பிடும் அறையில் நின்று பேசினான்.

"சூப்பர்ப்பா! எட்டா? சங்கம் ஓகே சொல்லியாச்சா? இங்க எல்லாரும் குதிக்கறாங்க. கேளு, ரெண்டு விரக்கட தடிமன் மாட்டுத் தோலத் தாண்டி இது வேலை செய்யுதுன்னா, மனுஷ ஈரல்ல பட்டயக் கிளப்பும். லிவர் டீம்ல உன்னோட மாட்டு வெர்ஷனத்தான் வேணுங்கறாங்க. நீ எழுதினது, நீதான் வந்து மாத்தணும். ஒண்ணாம் தேதி வந்துடு."

"தோத்தாத்தானே எர்லாங்கன்னீங்க?"

"ஜெயிச்சா ப்ரமோஷனோட எர்லாங்கன். என்னப்பா, சந்தோஷமா இல்லையா?"

"சொல்றேன் சார்," என்று வைத்துவிட்டான்.

அறையில் ஒரு நீள பெஞ்சு, காபி இயந்திரம், சுவரில் பன்றியின் பாகங்களைக் காட்டும் படம். அவன் அந்தப் பன்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதன் ஈரலுக்கும் எண் போட்டிருந்தார்கள்: பதினான்கு.

நவரத்தினம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னவாம்?"

"எர்லாங்கன் போகணும்."

"எட்டு எடுத்தும்?"

"எட்டு எடுத்ததால."

நவரத்தினம் யோசித்தார். "சரியான விசர் நாடு," என்றார். பெஞ்சில் உட்கார்ந்தார். வலப்பக்கம் விலாவுக்குக் கீழே தன்னையறியாமல் கையை வைத்துத் தேய்த்தார். இந்த வாரம் அவர் கேட்கவில்லை. அது அஷ்வினுக்கு அப்போதுதான் உறைத்தது.

காரிலிருந்து கருவியையும் ராப்ஸ் கலனையும் எடுத்து வந்தான். கைப்பிடியை மருந்துத் துணியால் மூன்று முறை துடைத்தான். கலனை மேசைமேல் வைத்தான்.

"படுங்கண்ணே. ஸ்வெட்டரத் தூக்குங்க."

"உண்மையாவோ?"

"வாலில்லன்னாலும் பரவாயில்ல."

நவரத்தினம் படுத்தார். அவர் வயிற்றில் எண்ணெய் ஊற்றினான். "ஐயோ, குளிருது! மாடுகள் பாவமடா," என்றார். அஷ்வின் விலாவின் கீழ் அழுத்தினான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னான்.

திரையில் ஈரல் வந்தது.

அவன் கை ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு நகர்ந்தது. மெதுவாக, ஒரு ஓரத்திலிருந்து, ஒரு மூலையையும் விடாமல். ஓரிடத்தில் கறுப்பாக ஒன்று தெரிந்து, அவன் காது அடைத்தது. சாய்த்துப் பார்த்தான். பித்தப்பை. அது அங்கே இருக்க வேண்டியதுதான். மேலே போனான். சிறுநீரகத்தையும் ஈரலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தான். ஈரல் அதைவிட வெகு வெளிச்சம். வெள்ளைப் பொடி, நிறைய. வேறு எதுவும் இல்லை. மறுபடி ஒரு சுற்று வந்தான். வேறு எதுவும் இல்லை.

"என்ன தெரியுது?" என்றார் நவரத்தினம் கூரையைப் பார்த்தபடி. "புஷ்பராணி வாய்வு எண்டுறா."

"வாய்வு இல்லண்ணே." திரையை அவர் பக்கம் திருப்பினான். "கொழுப்பு. நிறைய இருக்கு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல. ஆனா நான் டாக்டர் இல்ல. மே வரைக்கும் உக்காந்திருக்காதீங்க. திங்கக்கிழமையே போய் நில்லுங்க, படத்த நான் தர்றேன். வடையும் கம்மி பண்ணுங்க."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லேல்லையே?"

"ஆறுதலுக்குச் சொல்றதா இருந்தா வாய்வுன்னே சொல்லியிருப்பேன்."

நவரத்தினம் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். "சரி," என்றார்.

படத்தைச் சேமிக்கப் போனால், காது எண் கேட்டது கருவி. அது இல்லாமல் அடுத்த படிக்குப் போகாது. அஷ்வின் நவரத்தினம் என்று அடித்தான். இனம் கேட்டது. விட்டுவிட்டான். அந்தப் படத்தை எண்ணெய் விரலோடு நவரத்தினத்தின் போனுக்கு அனுப்பினான். ராகவேந்திராவுக்கு ஒரு வரி மட்டும் எழுதினான்: ஒண்ணாம் தேதி வர்றேன்.

"நம்பர் என்ன வந்தது?" என்றார் நவரத்தினம், வயிற்றைத் துடைத்தபடி. "மாட்டுக் கணக்கில சொல்லும்."

"ஏழு."

"எட்டு," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். க்ரூஸ. திரையில் இருந்த எண்ணைப் பார்த்தபடி எவ்வளவு நேரமாக நின்றாரோ. "இயந்திரம் தவறு. அவன் எட்டு. நான் ஜனவரியிலேயே அழுத்திப் பார்த்தேன்."

"ஏழுதான்," என்றான் அஷ்வின்.

"எட்டு."

"எது சரி என்று எப்படித் தெரியும்?"

க்ரூஸ நவரத்தினத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பன்னிரண்டாம் விலாவுக்குப் பின்னால் வெட்டிப் பார்த்தால் தெரியும்."

நவரத்தினம் ஸ்வெட்டரைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

"அதுக்கு முதல்ல டெர்மின் எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றார் தமிழில்.